ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோகண்ட்ரோலரில் சீரியல் போர்ட் வேகத்தை மாற்றினால் ஏன் குப்பை எழுத்து வருகிறது?

கேள்வி: ஒரே ஆர்எஸ்-485 கம்பியில் (பல கருவிகள் பகிரும் சீரியல் இணைப்பு) விநாடிக்கு 9600 பிட் வேகத்தில், பாரிட்டி (பிழை கண்டறியச் சேர்க்கும் பிட்) இல்லாத மின் மீட்டர் ஒன்று. 19200, ஈவன் பாரிட்டியில் ஃபுளோ மீட்டர் ஒன்று. இரண்டும் பேசுவது மாட்பஸ் என்ற பொது நெறிமுறை. அட்மெகா328 மைக்ரோகண்ட்ரோலர் சிப் ரீசெட் ஆகாமலேயே இரண்டுடனும் மாறி மாறிப் பேச வேண்டும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஓரிரு எழுத்துகள் கெட்டுப்போகின்றன. என்ன செய்வது?

பதில்:

தாராளமாக மாற்றலாம், ரீசெட் தேவையே இல்லை. வேகம், பாரிட்டி, ஸ்டாப் பிட் (பைட்டின் முடிவைக் காட்டும் பிட்) எல்லாம் சிப்புக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்கள், அதாவது சிறு நினைவிடங்கள்தாம். எப்போது எழுதினாலும் சிப் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஒரு பைட் பாதி வெளியே போயிருந்தாலும் ஏற்றுக்கொள்ளும் என்பதில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. வேகத்தை வைத்திருக்கும் பாட் ரேட் ரெஜிஸ்டரில் எழுதிய அந்தக் கணமே வேகம் மாறிவிடும் என்றும், நடந்துகொண்டிருக்கும் பரிமாற்றம் கெடும் என்றும் அட்மெகா328 தகவல் ஏட்டிலேயே எழுதியிருக்கிறது.

ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பக்கத் தோல் பதனிடும் ஆலைகளில் மீட்டர்களைக் கம்ப்யூட்டரோடு இணைப்பது என் வேலை. நீங்கள் சொல்லும் இதே ஜோடியைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பகுதிகளில் அடிக்கடி பார்க்கிறேன். பழைய மின் மீட்டரின் அமைப்பை யாரும் தொட விடமாட்டார்கள். புதிய ஃபுளோ மீட்டரோ 19200, ஈவன் பாரிட்டி என்ற மாட்பஸ் இயல்பு அமைப்போடு வந்து இறங்கும்.

முதலில் அனுப்பும் பக்கத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு படிகள் உண்டு. நீங்கள் எழுதும் பைட் டேட்டா ரெஜிஸ்டரில் விழுகிறது. அங்கிருந்து ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்குப் போய், பிட் பிட்டாகக் கம்பியில் இறங்குகிறது. ‘டேட்டா ரெஜிஸ்டர் காலி’ என்ற கொடி (நிலையைக் காட்டும் பிட்) உயர்ந்தால் முதல் படி காலி என்று மட்டுமே பொருள். கடைசி பைட் இன்னும் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கும். 9600 வேகத்தில் ஒரு பைட் போக ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட் ஆகும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு அது 16,000-க்கும் மேற்பட்ட கடிகாரத் துடிப்புகள். அதற்குள் உங்கள் நிரல் வேகத்தை மாற்றி முடித்திருக்கும். ஆகவே காத்திருக்க வேண்டியது ‘டிரான்ஸ்மிட் கம்ப்ளீட்’ கொடிக்கு.

அந்தக் கொடியிலும் கவனம் வேண்டும். இன்டரப்ட் பயன்படுத்தாவிட்டால் அது தானாக இறங்காது, 1 எழுதி நீங்கள்தான் இறக்க வேண்டும். இறக்க மறந்தால் போன முறை உயர்ந்த கொடியைப் பார்த்து நிரல் உடனே தாண்டிவிடும். இதுவரை எதையும் அனுப்பாத நிலையில் காத்திருந்தாலோ நிரல் அங்கேயே நின்றுவிடும். ஆர்டுயினோ நூலகம் இரண்டையும் கவனித்துக்கொள்கிறது. ஃபிளஷ், எண்ட், பிறகு புதிய அமைப்போடு பிகின் என்று மூன்று வரி போதும். (ஃபிளஷ் என்பது 1.0 பதிப்புக்கு முன் வரவேண்டிய பைட்டுகளை அழித்தது, இப்போது அனுப்பி முடியும்வரை காத்திருக்கிறது. பழைய உதாரண நிரல்களை அப்படியே எடுத்தால் ஏமாற்றிவிடும்.)

இவ்வளவு செய்தும் ஒரு பைட் குப்பை வந்தால் சாலிடரிங் அயர்னை எடுங்கள். அனுப்பும் பகுதியை அணைத்ததும் அந்தக் கால் சாதாரணப் போர்ட் காலாகிவிடும். அது தாழ்ந்திருந்தால், எதிர் முனை அதை ஸ்டார்ட் பிட், அதாவது புதிய பைட்டின் தொடக்கம் என்றே படிக்கும். ஆகவே முதலில் 485 டிரைவரின் அனுப்பும் அனுமதியை விலக்குங்கள், அதன்பின் யூசார்ட்டை (சிப்பின் சீரியல் போர்ட் பகுதியை) அணையுங்கள். மேக்ஸ்485 போன்ற சிப்பில் அனுப்பும் அனுமதிக் காலையும் பெறும் அனுமதிக் காலையும் சேர்த்துக் கட்டிவிடுவது வழக்கம். அப்படியென்றால் அனுப்பும் நேரம் முழுக்கப் பெறும் கம்பி அந்தரத்தில் தொங்கும். அதற்கு 10 கிலோ ஓம் புல்-அப் (கம்பியை உயர்ந்த நிலையில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) ஒன்று வைத்துவிடுங்கள். டிரம் மோட்டார்கள் ஓடும் ஆலையில் அந்த ஒரு ரெசிஸ்டர் இல்லாமல் நான் எந்தப் போர்டையும் பெட்டிக்குள் வைப்பதில்லை.

மாற்றியபின் பெறும் பஃபரைக் காலி செய்துவிட்டு, மூன்றரை எழுத்து நேரம் அமைதியாக இருந்து அதன்பின் கேளுங்கள். 9600-க்கு 4 மில்லிசெகண்ட், 19200-க்கு 2 மில்லிசெகண்ட் வைத்தால் சரியாக இருக்கும். வேறு வேகத்தில் போகும் பேச்சு மற்ற மீட்டருக்குப் பிழையாகவே தெரியும். சிஆர்சி (செய்தியோடு வரும் பிழைச் சரிபார்ப்பு எண்) பொருந்தாததால் அது பேசாமல் இருக்கும். கூடுதலாக ஒரு சீரியல் போர்ட் உள்ள சிப் கிடைத்தால் இரண்டு கம்பியாகப் பிரித்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எஸ்டிஎம்32 என்ற வேறு மைக்ரோகண்ட்ரோலர் வகையின் பக்கம் போனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அங்கே பாரிட்டி பிட்டும் சொல் நீளத்தில் சேர்த்தி. எட்டு டேட்டா பிட்டோடு ஈவன் பாரிட்டி வேண்டுமென்றால் சொல் நீளம் 9 என்று வைக்க வேண்டும். 8 என்றே விட்டால் டேட்டா ஏழு பிட்டாகச் சுருங்கிவிடும்.

கிரிஸ்டல் இல்லாமல் சிப்பின் உள் ஆஸிலேட்டரை நம்ப வேண்டாம். வேலூர் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பேனலுக்குள் அதன் வேகம் நகரும். இருபுறமும் சேர்ந்து 2 சதவீதம் பிசகினாலே ஆபத்துதான்.

கடைசியாக, மீட்டரின் வேகத்தையே தொலைவிலிருந்து மாற்றும் வசதியை நீங்களே எழுதுவதாக இருந்தால், கட்டளைக்கான பதிலைப் பழைய வேகத்தில் முழுமையாக அனுப்பிவிட்டு அதன்பின் மாறுங்கள். புதிய வேகத்தில் சிஆர்சி பொருந்திய ஒரு செய்தி 10 விநாடிக்குள் வராவிட்டால் பழையதற்கே திரும்பட்டும். வந்த பிறகு மட்டும் புதிய வேகத்தை ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) எழுதுங்கள். இல்லாவிட்டால் “பாய், மீட்டர் பேசவில்லை” என்று ஆலை எலக்ட்ரீஷியனிடமிருந்து போன் வரும், யாராவது கழிவுநீர்த் தொட்டி ஓரம் ஏணி போட்டு ஏற வேண்டியிருக்கும். உங்களைப் போல மாறி மாறிப் பேசும் நிரலில் ஈப்ராமைத் தொடவே கூடாது. அது தாங்குவது 1,00,000 முறை எழுதுவதை. விநாடிக்கு ஒரு முறை எழுதினால் 28 மணி நேரத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும்.