லாமார் ஜாக்சனுக்கு மார்க் போடுவது யார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கன் ஃபுட்பாலில் இன்றைய மிகச்சிறந்த பாஸர்களில், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளில், லாமார் ஜாக்சனும் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஐந்து வருடமாக மேரிலாந்தில் இருக்கிறேன். லாமாரின் அணியான பால்டிமோர் ரேவன்ஸ் ஆட்டம் எதையும் விடுவதில்லை. என் அலுவலக நண்பர் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். 'லாமாருக்கு ஓடத் தெரியும், எறியத் தெரியாது' என்பது அவர் கட்சி. நான் 2024 புள்ளிவிவரக் கணக்கை எடுத்துக் காட்டினால், 'கணக்கை விடு, ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்து மார்க் போடுகிறார்களே, அதைப் பார்' என்று சொல்லி, ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ் என்ற நிறுவனம் போடும் மார்க் குறைவாக வந்த வாரங்களை நீட்டுகிறார். எனக்குக் கோபம்தான் வருகிறது. யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து வீடியோ பார்த்துப் போடும் மார்க்குக்கு என்ன மதிப்பு? அதைத் தூக்கி எறிந்துவிடலாம் அல்லவா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

எறிய வேண்டாம். உங்கள் நண்பர் அந்த மார்க்கை வைத்துப் போடும் வாதம்தான் தவறு, மார்க் அல்ல.

அது எப்படிப் போடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொரு ஸ்னாப்பிலும் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும்) ஒவ்வொரு ஆட்டக்காரரும் என்ன செய்தார் என்று பார்த்து, மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை அரை அரைப் புள்ளியாகத் தருகிறார்கள். எதிர்பார்த்ததைச் செய்தால் பூஜ்யம். பிறகு அதையெல்லாம் சேர்த்து நூற்றுக்கு இத்தனை என்று மாற்றுகிறார்கள். அந்தப் பூஜ்யத்தைக் கவனியுங்கள். குவார்ட்டர்பேக் மூன்று யார்டு பாஸ் கொடுத்து, பிடித்தவர் நான்கு பேரைத் தாண்டி ஓடி டச்டவுன் அடித்தால் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்தால்), கணக்கில் குவார்ட்டர்பேக்குக்கு ஒரு டச்டவுன் ஏறும். இவர்கள் முறையில் அது பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும்.

2015 செப்டம்பரில் இது பெரிய சண்டையானது. கன்சாஸ் சிட்டிக்கு எதிரான திங்கள் இரவு ஆட்டத்தில் கிரீன் பே அணியின் குவார்ட்டர்பேக் ஆரன் ரோஜர்ஸ் 333 யார்டு எறிந்தார், ஐந்து டச்டவுன் பாஸ் கொடுத்தார். கிரீன் பே 38–28 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்துக்கு அவருக்குக் கிடைத்த மார்க் மைனஸில் இருந்தது. ஊரே கொதித்தது, ரோஜர்ஸும் அதை ஏற்கவில்லை. என் கருத்தில், மார்க் போட்டவர்கள் கேட்ட கேள்வி சரியானது: கடினமான எறிதல் எத்தனை இருந்தது? ஆனால் வேகமாகத் தீர்மானித்து, எளிய பாஸைச் சரியான ஆளிடம் சரியான நொடியில் கொடுப்பதும் ஒரு திறமை. அதைப் பூஜ்யம் என்று எழுதினால் ரோஜர்ஸின் பாதித் திறமை கண்ணில் படாமலே போகும். எனக்கு உடன்பாடில்லாத இடம் அதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வீடியோவைப் பார்ப்பவருக்குப் அந்த முறைக்குப் பயிற்சியாளர் சொன்ன திட்டம் என்ன என்று தெரியாது. பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்தால், எறிந்தவர் தவறினாரா, பாஸைப் பிடிக்க ஓடும் ரிசீவர் தன் பாதையை மாற்றிக்கொண்டாரா? பல நேரம் ஊகம்தான். அணிக்குள் இருப்பவர்கள் இதைத்தான் முதல் குறையாகச் சொல்கிறார்கள்.

சரி, கணக்கு மட்டும் சுத்தமா? 1973இல் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஏற்றுக்கொண்ட பாஸர் ரேட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிபட்ட பாஸ்களின் சதவீதம், ஒரு பாஸுக்கு இத்தனை யார்டு, டச்டவுன், இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிடும் பாஸ்) என்று நான்கைச் சேர்த்து அதிகபட்சம் 158.3 வருமாறு அமைத்தது ஒரு குழு. எதற்கு எவ்வளவு எடை என்று அங்கேயும் மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். எதிரணி குவார்ட்டர்பேக்கை மடக்கி வீழ்த்தினாலும் சரி, அவர் பந்தை நழுவவிட்டாலும் சரி, அதில் ஏறாது. 2024க்கான எம்.வி.பி. (பருவத்தின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) வாக்களிப்பையே பாருங்கள். ஒரே 50 வாக்காளர்கள்தான்; அவர்கள் கூடிய குழு பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் அடங்கிய ஆல்-ப்ரோ முதல் அணியின் குவார்ட்டர்பேக்காக லாமாரைத் தேர்ந்தெடுத்தது, எம்.வி.பி. விருதை பஃபலோவின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனுக்குக் கொடுத்தது.

இப்போது பஃபலோவுக்கு எதிரான ப்ளே-ஆஃப் (தோற்றால் வெளியேறும்) ஆட்டத்துக்கு வருவோம், 2025 ஜனவரி 19. பனி. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கும்போது லாமார் ஐசையா லைக்லிக்கு டச்டவுன் பாஸ் கொடுத்து, பஃபலோவின் முன்னிலையை 27–25 ஆகக் குறைக்கிறார். சமன் செய்ய, டச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு முயற்சியில் இரண்டு புள்ளி எடுக்க வேண்டும். வலப்பக்கம் நகர்ந்து மார்க் ஆண்ட்ரூஸுக்கு எறிகிறார். பந்து ஆண்ட்ரூஸின் கைக்கு வந்து நழுவுகிறது. ரேவன்ஸின் பருவம் அங்கே முடிந்தது. அந்தப் பாஸ் லாமாரின் கணக்கில் எங்குமே இல்லை, ஏனென்றால் இரண்டு புள்ளி முயற்சிகள் பாஸ் கணக்கில் சேர்வதில்லை. பந்து கைக்கு வந்ததைப் பார்த்து எழுதிவைக்க ஒரு கண் வேண்டும். ஆகவே, உங்களைக் கோபப்படுத்தும் அந்த முறை லாமாருக்குத் துணை நிற்கும் இடமும் இருக்கிறது. அதே ஆட்டத்தின் முதல் பாதியில் அவர் ஓர் இன்டர்செப்ஷன் கொடுத்தார், ஒரு முறை பந்தையும் இழந்தார். அதையும் அந்தக் கண் விடாது, விடவும் கூடாது.

நண்பரின் கட்சிக்கு வருகிறேன். 'ஓடத் தெரியும், எறியத் தெரியாது' என்பது லாமாரோடு பிறந்த வாதம் இல்லை. கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகளைக் கல்லூரி முடித்ததும் வேறு இடத்துக்கு மாறச் சொல்வது அங்கே நெடுநாள் வழக்கம். 1978இல் வாரன் மூன் என்ற கறுப்பினக் குவார்ட்டர்பேக்கை என்.எஃப்.எல்.லில் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கனடாவுக்குப் போய் எட்மன்டனுக்காகத் அந்நாட்டு லீகின் கிரே கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றார். 2018இல், கல்லூரி ஆட்டத்தின் உயரிய விருதான ஹைஸ்மனை லாமார் வாங்கிய பிறகும், அனுபவம் மிக்க முன்னாள் அணி நிர்வாகி பில் போலியன் அவர் ரிசீவராக மாற வேண்டும் என்றார். அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32ஆவது இடத்தில்தான் லாமாரை எடுத்தார்கள். அடுத்த வருடம் அவர் எறிந்த 36 டச்டவுன்களை அந்தப் பருவத்தில் வேறு யாரும் எட்டவில்லை, எம்.வி.பி. வாக்கு ஒன்றுகூட மாறாமல் அவருக்கே விழுந்தது. தான் தவறியதைப் போலியனும் பிறகு ஒப்புக்கொண்டார். கண்ணால் பார்த்து மதிப்பிடுபவருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பார்ப்பதற்கு முன்பே மனதில் ஒரு முடிவு இருந்தால் அது பூஜ்யத்தை மைனஸ் அரையாக்கிவிடும்.

நண்பர் சொல்வதில் சாரமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆரம்ப வருடங்களில் மைதானத்தின் நடுவே லாமார் எறிந்த அளவுக்கு ஓரங்களில் எறியவில்லை. 2021இல் 16 டச்டவுனுக்கு 13 இன்டர்செப்ஷன். 2023இல் தாக்குதல் பயிற்சியாளராக டாட் மங்கன் வந்து தாக்குதல் முறையை மாற்றியபின் ரிசீவர்களுக்கு இடம் கிடைத்தது, லாமாரும் தடுப்பாளர்கள் காக்கும் பாக்கெட்டுக்குள் பொறுமையாக நிற்கத் தொடங்கினார். 2024இல் 4,172 யார்டு, 41 டச்டவுன், நான்கே இன்டர்செப்ஷன், ரேட்டிங் 119.6. அப்புறம் ஓட்டத்தில் 915 யார்டு. அந்த ஓட்டத்தைப் பாஸிலிருந்து பிரித்துப் பார்ப்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். அவர் ஓடிவிடுவாரோ என்ற பயத்தில் எதிரணித் தற்காப்பின் நடுவரிசையில் நிற்கும் லைன்பேக்கர் ஒரு அடி முன்னால் வருகிறார். அவருக்குப் பின்னால் திறந்த இடத்தில் பந்து போய் விழுகிறது. அந்த ஒரு அடியை உண்டாக்கியதும் லாமார்தான்.

நண்பரோடு உட்கார்ந்து அந்தப் பஃபலோ ஆட்டத்தை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு பாஸுக்கும் நீங்கள் ஒரு தாளிலும் அவர் ஒரு தாளிலும் மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை எழுதுங்கள், கடைசியில் ஒப்பிடுங்கள். இருவரும் எந்தெந்தப் பாஸில் வேறுபட்டீர்கள் என்று எனக்கு எழுதினால் மகிழ்வேன்.

அன்புடன்