நேபாள மலைக்கிராமங்களுக்கு ஊழியப் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சபை வாலிபர்கள் பன்னிரண்டு பேர் வருகிற அக்டோபரில் நேபாளத்தின் மலைக்கிராமங்களுக்குப் பத்து நாள் ஊழியப் பயணம் புறப்படுகிறார்கள். நேபாளி மொழியில் அச்சடித்த கைப்பிரதிகள் இரண்டாயிரம் தயாராக இருக்கின்றன. என் மகனும் போகிறான். இந்தியர்களுக்கு விசா கிடையாது, ஆகவே எந்தச் சிக்கலும் வராது என்று குழுத் தலைவர் சொல்கிறார். நம்பி அனுப்பலாமா?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: விசா வேண்டியதில்லை என்பது உண்மைதான், அம்மா. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை இருந்தால் எல்லையைக் கடந்துவிடலாம். ஆனால் எல்லையைக் கடப்பது வேறு, கடந்த பிறகு என்ன செய்யலாம் என்பது வேறு. 2015-ஆம் ஆண்டு அரசியல் சாசனம் நேபாளத்தை மதச்சார்பற்ற நாடு என்று சொன்னாலும், அதன் 26-ஆவது பிரிவு ஒருவரை ஒரு மதத்திலிருந்து இன்னொரு மதத்துக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158-ஆவது பிரிவு, மதம் மாற்றுவோருக்கும் மாற்ற முயல்வோருக்கும் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் ஐம்பதாயிரம் நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. குற்றவாளி வெளிநாட்டவர் என்றால், தண்டனை முடிந்த ஏழு நாள்களுக்குள் நாட்டைவிட்டு அனுப்பப்படுவார். இரண்டாயிரம் கைப்பிரதிகள் அடங்கிய மூட்டையை ஒரு காவல் அதிகாரி எந்தப் பிரிவின் கீழ் பார்ப்பார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் உங்கள் மகனைவிட அதிகமாகத் தொடப்போவது அவனுக்குப் பாயும் போர்வையும் கொடுக்கிற வீட்டுக்காரரைத்தான். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு குழுவோடு அங்கே போயிருந்தேன். பேருந்து நின்ற இடத்திலிருந்து கிராமத்துக்கு ஆறு மணி நேர ஏற்றம். வழியெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போன பெண்கள் முதுகில் ‘டோக்கோ’ கூடையைச் சுமந்து, அதன் பட்டையை நெற்றியில் மாட்டியிருந்தார்கள். நாங்களோ தண்ணீர்ப் புட்டியைச் சுமக்கவே மூச்சு வாங்கினோம். எங்கள் குழுவில் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்கு மிட்டாயோடு கைப்பிரதியையும் கொடுத்தார். அதைப் படம் எடுத்து, ஊரின் பெயரோடு, சபையின் செய்திமடலிலும் போட்டார். நாங்கள் ஊர் திரும்பி மாலை மரியாதைகளோடு சாட்சி சொல்லிக்கொண்டிருந்த அதே வாரத்தில், எங்களுக்குச் சோறு போட்ட உள்ளூர்ப் போதகர் மாவட்டத் தலைமையிடத்துக்கு விசாரணைக்காக மூன்று முறை நடந்திருக்கிறார். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. மறு ஆண்டு வேறொருவர் வழியாகத் தெரியவந்தது. அந்த மிட்டாயைத் தடுக்காமல் பக்கத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே கைப்பிரதிகளை ஊரிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஞானஸ்நானம் கொடுப்பது, கூட்டம் கூட்டுவது, பணமோ துணியோ பங்கிடுவது எதுவும் வேண்டாம். பணம் கொடுத்து மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நாமே சாட்சி தயாரித்துக் கொடுத்ததாகிவிடும். அழைக்கிற சபை எதைச் செய்யச் சொல்கிறதோ அதை மட்டும் செய்யலாம்: கூரை வேய்கிறார்களா, கூடப் பிடிக்கலாம், ஜெபிக்கச் சொன்னால் அவர்கள் வீட்டுக்குள் அமர்ந்து ஜெபிக்கலாம். புகைப்படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். எடுத்ததை வெளியிடும் முன் மறுபடியும் கேட்க வேண்டும். அழைக்கிற சபை என்று ஒன்று இல்லாமலே புறப்படுகிறார்கள் என்றால், மகனை அனுப்ப வேண்டாம் என்பதே என் பதில்.

கேள்வி: நேபாளத்துக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனவர்கள் வெள்ளைக்கார மிஷனெரிகள்தானே? அவர்கள் செய்ததை நம் பிள்ளைகள் செய்தால் மட்டும் தவறா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: பாதிதான் சரி. பதினெட்டாம் நூற்றாண்டில் கப்புச்சின் என்ற கத்தோலிக்க சபைத் துறவிகள் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் இருந்தார்கள். கூர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா அந்தப் பள்ளத்தாக்கை வென்ற பிறகு, 1769-இல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களோடு போன, அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வீக இனத்தாரான நேவார் குடும்பங்கள் சில பீகாரின் பேத்தியா அருகே குடியேறின. அதன்பின் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் கதவு மூடியே கிடந்தது. அந்தக் காலத்தில் நேபாளி மொழியில் வேதாகமம் உருவானது டார்ஜீலிங்கில். அதில் முதன்மையாக உழைத்த கங்கா பிரசாத் பிரதான், காத்மாண்டுவில் பிறந்த நேவார். 1914-இல் முழு வேதாகமமும் வெளிவந்தது.

நேபாளத்தை ஆண்ட ராணா குடும்பத்தின் ஆட்சி 1951-இல் விழுந்ததும் கதவு திறந்தது. இந்திய எல்லையான நௌதன்வாவில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த டாக்டர் லில்லி ஓ’ஹான்லனும் ஹில்டா ஸ்டீலும் 1952-இல் சிறு குழுவாக, நேபாளி விசுவாசிகளோடு சேர்ந்து, பொக்ராவுக்கு நடந்தே போனார்கள். அலுமினியத் தகட்டுக் கொட்டகைகளில் அவர்கள் நடத்திய மருத்துவமனை வெயிலில் மின்னியதால், ‘மின்னும் மருத்துவமனை’ என்றே மக்கள் அழைத்தார்கள். 1954-இல் தொடங்கிய ஐக்கிய நேபாள மிஷன் டான்சேனில் மருத்துவமனை கட்டியது. அதைக் கட்ட வந்த நார்வே நாட்டுப் பொறியாளர் ஒட் ஹோஃப்டுன், புட்வலில் தொழிற்பயிற்சி நிலையமும், பின்னர் நேபாளியரைக் கொண்டே நீர்மின் நிலையங்களும் அமைத்தார். நேபாளத்தின் பியூட்டான் மாவட்டத்தில் உள்ள 12 மெகாவாட் ஜிம்ருக் நிலையம் அவற்றில் ஒன்று. மதமாற்றத்தில் ஈடுபடுவதில்லை என்ற நிபந்தனைக்கு உட்பட்டே இந்த மிஷன்கள் இயங்கின.

சுவிசேஷம் சொன்னவர்களும், அதற்கான விலையைக் கொடுத்தவர்களும் பெரும்பாலும் நேபாளியரே. 1960-களின் தொடக்கத்தில் டான்சேனில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் சிறைக்குப் போனார்கள். 2021 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் சற்று மேல், மக்கள்தொகையில் 1.76 சதவீதம். அந்த வெள்ளைக்காரர்கள் மொழியைக் கற்று, இருபது முப்பது ஆண்டுகள் தங்கி, தண்ணீரும் மின்சாரமும் கொடுத்துவிட்டுப் பேசினார்கள். நாம் பத்து நாளில் திரும்பிவிடுகிறோம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: பயணத்தின் நடுவே வரும் ஞாயிற்றுக்கிழமையில் எந்தச் சபைக்குப் போவது? உடையில் கவனிக்க வேண்டியது உண்டா?
– வாலிபர் குழுச் செயலாளர், நாகர்கோவில்

பதில்: ஞாயிறன்று போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். அங்கே வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் ஆராதனையும் சனிக்கிழமையே. 2015 ஏப்ரல் 25-இல் நண்பகலுக்குச் சற்று முன் நிலநடுக்கம் வந்ததும் ஒரு சனிக்கிழமையில்தான். மலைக்கிராமங்கள் சிலவற்றில் சபை கூடியிருந்தபோதே கல்சுவர்கள் சரிந்தன. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் தரையில் அமர்வது வழக்கம். நம் தென்மாவட்டக் கிராமத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘மாதல்’ என்ற இருமுகப் பறையின் தாளத்துக்குப் பாடுவார்கள். கைகூப்பி ‘ஜெயமசீ’ என்று சொன்னால் போதும். உடை எளிமையாக, உடலை மூடுவதாக இருக்கட்டும். இரவுக் குளிருக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் ஏறுகிறவர்களுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தால், ஜெபித்துக்கொண்டே கீழே இறங்குங்கள், மேலே ஏறாதீர்கள்.

இன்னொன்று. பல ஆண்டுகளில் அக்டோபரில்தான் நேபாள இந்துக்களின் பெரிய பண்டிகையான தசைன் வரும். பேருந்தில் இடம் கிடைக்காது என்பது சிறு தொல்லை. பெரியவர்களிடம் நெற்றியில் ‘டீகா’ என்ற திலகம் வாங்கிக்கொள்ளலாமா கூடாதா என்ற கேள்வியோடு விசுவாசிகள் தாய்வீட்டுக்குப் போய், தகப்பனோடும் அண்ணனோடும் சங்கடப்பட்டு நிற்கிற நாள்கள் அவை. அப்போது அந்நியர்கள் பன்னிரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து நிற்பது அவர்களுக்கு உதவியாக இராது. நாட்காட்டியைப் பார்த்து, தசைனும் அதையடுத்து வரும் திகார் பண்டிகையும் முடிந்தபின் புறப்படுங்கள். வானமும் தெளிவாக இருக்கும்.