கிளேர் அணியை ஜெயிக்க வைத்தது யார்?

கேள்வி: அயர்லாந்தில் மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஹர்லிங் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். பிட்டி ஏர்லி என்ற சூனியக்காரி விட்ட சாபத்தால் கிளேர் மாவட்ட அணி 81 வருடம் அகில அயர்லாந்து கோப்பையைத் தொடவே முடியவில்லையாம். 1995 இறுதிப் போட்டியில்தான் சாபம் நீங்கியதாம். சாபம் பலிக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இது சாட்சியே இல்லை. வருடங்களைப் பாருங்கள். பிட்டி ஏர்லி இறந்தது 1874-ல். ஹர்லிங்கை நடத்துகிற ஜி.ஏ.ஏ. சங்கம் தர்லஸ் ஊரில் தொடங்கியது 1884-ல். அவர் உயிரோடு இருந்தவரை அப்படி ஒரு கோப்பையே கிடையாது. அவர் இறந்து 40 வருடம் கழித்து, 1914-ல், கிளேர் அந்தக் கோப்பையை வென்றும் இருக்கிறது.

அவரைச் சூனியக்காரி என்பதையும் விட்டுவிடலாம். கிளேர் மாவட்டத்து ஃபீக்கிள் பகுதியில் மூலிகை வைத்தியம் பார்த்த பெண் அவர். பாதிரியார்களுக்கு அவரைப் பிடிக்காது. ஏழை ஜனங்களோ உடம்புக்கு முடியவில்லை என்றால் அவரைத்தான் தேடிப் போனார்கள். அந்த ஜனங்களின் பிள்ளைகளை அவர் எதற்காகச் சபிக்க வேண்டும்?

சரி, 81 வருடம் ஏன் ஆனது? போட்டியின் அமைப்பைப் பார்த்தால் புரியும். கிளேர் இருப்பது மன்ஸ்டர் மாகாணத்தில். கார்க், டிப்பரேரி, லிமெரிக் என்ற பலசாலிகளும் அங்கேதான். அப்போதெல்லாம் மாகாணத்தில் ஒருமுறை தோற்றால் அந்த வருடம் அதோடு சரி. மாகாண இறுதியில் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு என்பது 1997-ல்தான் வந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது, அவரவர் மாவட்டத்துக்குத்தான் ஆடுவார்கள். எனவே வெளியிலிருந்து நல்ல ஆளை விலைக்கு வாங்கவும் வழியில்லை. 1932-க்குப் பிறகு 63 வருடம் கிளேர் மன்ஸ்டர் பட்டத்தையே பார்க்கவில்லை. 1993 மாகாண இறுதியில் டிப்பரேரியிடம் 18 புள்ளி வித்தியாசத்தில் அடி வாங்கியது. அடுத்த வருடம் லிமெரிக்கிடம் 9.

அப்புறம்தான் ஜெர் லாக்னேன் அணியின் மேலாளராகப் பொறுப்பேற்றார். பள்ளி ஆசிரியர். அவரும் ஃபீக்கிள்காரர்தான். 1977, 1978 மாகாண இறுதிகளில் கார்க்கிடம் தோற்ற கிளேர் அணியில் ஆடியவர். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்த பையன்களைக் குளிர்கால இரவுகளில் சேற்றிலும் மேட்டிலும் ஓட வைத்தார்கள் அவரும் பயிற்சியாளர் மைக் மக்னமாராவும்.

கிளேர் ஆட்டக்காரர் ஷானி மக்மானைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரியாவது இருந்ததா? 1995-ல் கார்க்குடன் நடந்த மாகாண அரையிறுதியில் அவருக்குக் காறையெலும்பு முறிந்துவிட்டது. இறக்குவதற்கு மாற்று ஆளும் மீதி இல்லை. வெளியே போகாமல், பின்களத்திலிருந்து முன்வரிசை மூலைக்கு மாறி, எலும்பு முறிந்த நிலையிலேயே கார்க் தடுப்பாட்டக்காரரை நெருக்கி, பக்கக்கோட்டில் ஒரு பந்தைத் தன் அணிக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பந்திலிருந்துதான் ஆலி பேக்கர் வெற்றி கோலை அடித்தார். இது நடந்திருக்காவிட்டால் கிளேருக்கு இறுதிப் போட்டியே இல்லை.

செப்டம்பர் 3, டப்ளின், குரோக் பார்க். எதிரே முந்தைய வருடச் சாம்பியன் ஆஃபலி. ஹர்லிங்கில் பந்து வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி. இடைவேளையில் ஆஃபலி 2 புள்ளி முன்னிலை. அப்போது லாக்னேனைத் தொலைக்காட்சிக்காரர்கள் நிறுத்திக் கேட்டபோது, ஜெயிக்கப்போகிறோம் என்று அடித்துச் சொன்னார். ஆட்டம் முடிய நான்கைந்து நிமிடம் இருக்கையில், கேப்டன் ஆன்டனி டேலி தூரத்திலிருந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மாற்று ஆளாக வந்திருந்த ஏமன் டாஃப் அதை வலைக்குள் தள்ளினார். உடனே ஆஃபலி ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்தது. 65 மீட்டர் தூரத்திலிருந்து அடிக்க ஒரு வாய்ப்பு வந்தபோது டேலி பதறாமல் எடுத்து அடித்தார், முன்னிலை. எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த ஃப்ரீ அடியில் ஜேம்ஸி ஓகானர் இன்னொன்று. கிளேர் 1-13 (1 கோல், 13 புள்ளி), ஆஃபலி 2-8. மொத்தத்தில் 16-க்கு 14.

இந்த வெற்றியைச் சாபம் நீங்கிய கணக்கில் எழுதுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. முறிந்த எலும்போடு களத்தில் நின்றவரின் உழைப்பைப் பிடுங்கி, 121 வருடம் முன்பே செத்துப்போன ஒரு வைத்தியப் பெண்ணின் தலையில் கட்டுகிறார்கள். அவருக்கும் அநியாயம், கிளேர் ஆட்டக்காரர்களுக்கும் அநியாயம். கிளேர் மறுபடியும் 1997, 2013, 2024-ல் கோப்பையை வென்றது. அந்தக் கட்டுரையை நீங்கள் யாருக்காவது அனுப்பியிருந்தால், தயவுசெய்து மக்மானின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.