கூலி, முன்பணம், ஓட்டு: வழக்கறிஞர் பதில்கள்

காவிரி டெல்டாவில் தொழிலாளர் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர், வறுமையும் உரிமையும் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கே: சார், நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் வைத்து விவசாயம் செய்கிறவன் நான். அரசு நிர்ணயித்த கூலியைவிடக் கம்மியாகத்தான் தருகிறேன். அவர்களே சம்மதித்துத்தானே வருகிறார்கள், இதில் யாருடைய சுதந்திரம் பறிபோகிறது? (கும்பகோணம் அருகே)

ப: இதை உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982-ல். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலைக்கு வருகிறார் என்றால் பசிதான் அவரைத் தள்ளுகிறது. அதுவும் அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பே என்றது தீர்ப்பு.

நாற்று முற்றுகிறதே என்ற கவலை உங்களுக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பேச்சு முறிந்தால் நீங்கள் வெளியூர் ஆளையோ நடவு மிஷினையோ கூப்பிடலாம். உங்களிடம் நடவுக்கு வருகிற அம்மா வீட்டில் மறுநாள் அடுப்பு எரியாது. 'முடியாது' என்று சொல்ல வசதி இல்லாதவரின் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கூலியாகக் கூடுதல் நெல் கேட்டு விவசாயக் கூலிகள் சங்கம் சேர்ந்த கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டுச் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்த ஊருக்கும் ஓட்டுரிமை இருந்தது. முந்தின வருஷம்தான் பொதுத் தேர்தல் நடந்தது. ஓட்டு மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

கே: அண்ணே, என் மச்சான் செங்கல் சூளையில் முப்பதாயிரம் முன்பணம் வாங்கினான். அதைக் கட்டாமல் பெண்டாட்டி பிள்ளையோடு வெளியே போகக் கூடாது என்கிறார் முதலாளி. வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வேறு வாங்கி வைத்திருக்கிறார். (முத்துப்பேட்டை)

ப: தம்பி, கட்டவே வேண்டாம். 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. அதற்காக அவர் பணம் வாங்கினால் அதுவே குற்றம். 'இது கொத்தடிமைக் கடன் இல்லை' என்று நிரூபிக்க வேண்டியவரும் அவர்தான்.

கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். மச்சான் எவ்வளவு வாங்கினார், வாரம் கையில் என்ன வருகிறது, வெளியே போகவிடாமல் தடுத்தது யார், இவ்வளவும் அதில் இருக்கட்டும். விசாரணையின்போது முதலாளி பக்கத்தில் நிற்கக் கூடாது என்று கேளுங்கள். அவர் நின்றால் மச்சான் "நல்லாத்தான் இருக்கோம் சார்" என்றுதான் சொல்வார். விடுதலைச் சான்றிதழை விடாமல் கேட்டு வாங்குங்கள், மறுவாழ்வு உதவிக்கு அதுதான் அடிப்படை. அப்புறம், வாங்கின காசை ஏமாற்றுகிறோமோ என்று மச்சான் கூசினால், இத்தனை மாதம் குறைத்துக் கொடுத்த கூலியைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: ஓட்டுக்குக் காசு வாங்குகிறவர்களுக்கு உரிமை பேச என்ன தகுதி? (தஞ்சாவூர்)

ப: வாங்குவது குற்றம்தான். 2016-ல் பணப் பட்டுவாடாவால் உங்கள் தொகுதித் தேர்தலையே ரத்து செய்து நவம்பரில் நடத்தினார்கள். ஆனால் தகுதி பார்ப்பதென்றால் கொடுத்தவரிடமிருந்து ஆரம்பியுங்கள்.

கே: வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது சார்? (வேதாரண்யம்)

ப: தாலுகா கோர்ட்டில் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். உண்மையில் ஆளைச் சோர வைப்பது ஃபீஸ் இல்லை, வாய்தாவுக்கு வாய்தா போகிற கூலியும் பஸ் காசும்தான். எந்தெந்த வாய்தாவுக்கு நேரில் வந்தே ஆக வேண்டும் என்று வக்கீலிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.