மாலகைட் லிங்கம்: வாங்கலாமா, அபிஷேகம் செய்யலாமா?

கேள்வி: தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மாலகைட் கல்லில் செய்த சிறிய லிங்கம் ஒன்று வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன். பச்சையில் வளையம் வளையமாக அவ்வளவு அழகு. ‘அசல் கல், நேர்மையான முறையில் எடுத்தது’ என்று ஆன்லைனில் போட்டிருக்கிறார்கள். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? காங்கோவில் சின்னப் பிள்ளைகளை வைத்துத் தோண்டுகிறார்கள் என்கிறாள் என் மகள். உண்மையா? தினமும் பாலாபிஷேகம் செய்யலாமா? (மதுரை வாசகி ஒருவர்)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அபிஷேகம் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் செம்புக் குடம் இருந்தால் இந்தக் கல்லைப் பற்றிப் பாதி விஷயம் உங்களுக்குத் தெரிந்தது மாதிரிதான். துலக்காமல் விட்ட செம்பில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும் அல்லவா? மாலகைட்டும் ஏறத்தாழ அதே பொருள்தான், செம்பின் கார்பனேட். புளி போட்டுத் தேய்த்தால் களிம்பு ஏன் போகிறது? புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. தயிர், எலுமிச்சை, பஞ்சாமிர்தம், இடுக்கில் தங்கிப் புளித்துப்போன பால் எல்லாம் இந்தக் கல்லுக்கும் அதையே செய்யும். முதலில் பளபளப்பு போகும், அப்புறம் மேல்பரப்பு சொரசொரப்பாகும். தொழில் பழகிய காலத்தில் நானே ஒரு கல்லை எலுமிச்சை மூடியால் துடைத்துக் கெடுத்திருக்கிறேன். கல் கெடுவதை விடப் பெரிய விஷயம், கரைந்த செம்பு தீர்த்தத்தில் கலப்பது. அதைக் குடிக்கக் கூடாது. கல்லைப் போட்டு ஊறவைத்துக் குடிக்கச் சொல்லும் தண்ணீர் பாட்டில்களுக்கும் இதே பதில்தான். சிறுநீரகத்துக்கு நல்லது என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். (செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்று சைவ சித்தாந்தத்தில் உவமை சொல்வார்கள். அந்தக் களிம்பையே லிங்கமாகக் கடைந்து விற்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.)

சரி, அசலா போலியா? அதை வரிகளே சொல்லும். செம்புத் தாது நிலத்தின் மேல்மட்டத்துக்கு அருகில் இருக்கும்போது, கரியமிலவாயு கரைந்த மழைநீர் இறங்கி அந்தச் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பாறை இடுக்கில் அது மறுபடி படிகிறது, ஒரு படலத்தின் மேல் இன்னொரு படலமாக. ஒவ்வொரு படலமும் நெருக்கி நட்ட நாற்று போல நுண்ணிய இழைகளால் ஆனது. இழை மெலிதாக அமைந்த இடம் வெளிர்பச்சை, தடித்த இடம் கரும்பச்சை. படிவது பெரும்பாலும் திராட்சைக் குலை போலப் புடைத்துப் புடைத்து. அந்தப் புடைப்பைக் குறுக்கே வெட்டினால்தான் நீங்கள் பார்த்த வளையங்கள் வரும்.

ஆக, அது மேலே வரைந்த கோலம் அல்ல, உள்ளே வரை போகிற அடுக்கு. வெங்காயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: குறுக்கே வெட்டினால் வளையம், நெடுக்கே வெட்டினால் வில் போன்ற வளைவு. லிங்கத்தின் உச்சியில் வளையம் இருந்தால், பக்கவாட்டில் அது வளைகோடாக இறங்கித் தொடர வேண்டும். உச்சியில் ஒரு கோலம், பக்கத்தில் சம்பந்தமே இல்லாத இன்னொன்று என்றால் சந்தேகப்படுங்கள். அசலில் எல்லா வரியும் ஒரே அகலத்தில் இருக்காது, பச்சையும் இரண்டு மூன்று சாயலோடு நின்றுவிடாது. போலியில் அளவெடுத்த மாதிரி கோடுகள், நடுவே மையால் போட்டது போல் கறுப்பு வரிகள். கடைக்காரரிடம் நான்கு பக்கமும் அடியும் தெரிகிற படம் கேளுங்கள்.

கைக்கு வந்த பிறகு ஒரு கணக்குப் போடலாம். சமையலறைத் தராசில் எடை பாருங்கள். அளவுக் கோடு போட்ட பாத்திரத்தில் வெறும் தண்ணீர் எடுத்து, கல்லை நூலில் கட்டி முழுதாக முக்கி, நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 400 கிராம் மாலகைட் சுமார் 100 முதல் 110 மில்லி ஏற்றும். அதே எடையில் சாதாரணக் கண்ணாடி என்றால் 160 மில்லி ஏறும், பிளாஸ்டிக் என்றால் அதைவிட ரொம்ப அதிகம். கல்தூளை ரெசினில் (பிளாஸ்டிக் போல இறுகும் பசையில்) பிசைந்து வார்த்தது நடுவில் எங்காவது நிற்கும். முக்கியதும் எடுத்துத் துடைத்துவிடுங்கள். ஊசியைச் சூடாக்கிக் குத்துவது, அமிலம் விட்டுப் பார்ப்பது போன்ற சோதனைகள் வேண்டாம், நல்ல கல்லும் கெட்டுப்போகும்.

ஒட்டு இருந்தாலே மோசடி என்றும் நினைக்காதீர்கள். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையில், 1837 தீவிபத்துக்குப் பிறகு அமைத்த மாலகைட் அறையின் தூண்கள்கூட முழுக் கல்லால் ஆனவை அல்ல. யூரல் மலைக் கல்லை மெல்லிய தகடுகளாக அறுத்து, வரிக்கு வரி பொருத்தி ஒட்டியவை. ஒட்டியதையோ ரெசின் நிரப்பியதையோ சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

இப்போது உங்கள் மகள் சொன்னது. அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. இன்று சந்தைக்கு வரும் நல்ல மாலகைட்டில் பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கிலிருந்து வருகிறது. கோல்வேசி நகரப் பக்கத்துச் செம்பும், பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட் உலோகமும் கிடைக்கிற மண் அது. அங்கே பெரிய நிறுவனச் சுரங்கங்களும் உண்டு, கையால் தோண்டிப் பிழைப்பவர்களும் உண்டு. கோல்வேசியின் கசுலோ பகுதியில் வீட்டுத் தரையையே தோண்டினார்கள். காங்கோவின் தென்பகுதிச் சுரங்கங்களில் சுமார் 40,000 சிறுவர் சிறுமியர் வேலை செய்வதாக 2014இல் யுனிசெஃப் மதிப்பிட்டது. கோபால்ட் தோண்டும் குழந்தைகளைப் பற்றி அம்னெஸ்டி இன்டர்நேஷனல், ஆஃப்ரிவாட்ச் என்ற இரண்டு உரிமை அமைப்புகளும் 2016இல் அறிக்கை வெளியிட்டன. அது கோபால்ட்டைப் பற்றியது, ஆனால் மாலகைட் கிடைப்பதும் அதே மண்ணில்தான்.

வைரத்துக்குக் கிம்பர்லி சான்று 2003 முதல் இருக்கிறது, ஆயுதக் கும்பல்களுக்குப் பணம் போகாத வைரம் என்று காட்டுவதற்கு. 2010இன் அமெரிக்கச் சட்டம் தகரம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் நான்கும் எங்கிருந்து வருகின்றன என்று நிறுவனங்களைக் கேட்கிறது. மாலகைட் இரண்டிலும் இல்லை. லேப் கார்டு (கல்லைச் சோதித்த கூடம் தரும் சான்று) கொடுத்தால் கல் இன்னது, இயற்கையானது என்பதோடு அதன் வேலை முடிந்தது. தோண்டியது யார் என்று அதில் இருக்காது. ஆக, ‘நேர்மையான முறையில் எடுத்தது’ என்ற வரிக்குப் பின்னால் நிற்பது கடைக்காரரின் வாய்வார்த்தை மட்டும்தான்.

அந்த வார்த்தையைச் சோதிக்க நாலு கேள்வி கேளுங்கள். கல் எந்த ஊர்ப் பக்கம், முரட்டுக் கல்லை யாரிடம் வாங்கினீர்கள், எங்கே அறுத்தார்கள், அறுக்கும்போது தண்ணீர் விட்டு, முகமூடி போட்டுத்தான் வேலை நடக்கிறதா? கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. இந்தக் கல்லின் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், பட்டறைக்காரர் தினமும் அதைத்தான் சுவாசிக்கிறார். “காங்கோ கல், இன்னாரிடம் வாங்கினேன், அதற்கு மேல் தெரியாது” என்று சொல்பவரிடம் நான் வாங்குவேன். எல்லாவற்றுக்கும் “கேரண்டி மேடம்” என்பவரிடம் வாங்க மாட்டேன். மலிவு விலையில் ‘ரஷ்யக் கல்’ என்று கொடுத்தாலும் வேண்டாம், யூரலின் பழைய சுரங்கங்கள் எப்போதோ ஓய்ந்துவிட்டன. மனது உறுத்தினால், யாராவது வைத்திருந்து விற்கும் பழைய மாலகைட் பொருளைத் தேடுங்கள். அதற்காகப் புதிதாக யாரும் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை.

தம்பி வீட்டில் தினசரி அபிஷேகம் நடக்கும் என்றால் ஸ்படிக லிங்கமோ நர்மதை பாணலிங்கமோ கொடுங்கள். அவற்றைத் தயிரும் எலுமிச்சையும் ஒன்றும் செய்யாது. மாலகைட்தான் பிடித்திருக்கிறது என்றால் முட்டை வடிவத்திலோ சிறு கிண்ணமாகவோ வாங்கி வரவேற்பறையில் வைக்கச் சொல்லுங்கள், வெயில் படாத இடமாக. மென்மையான கல் என்பதால் வீட்டுத் தூசியை அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். முதலில் ஊதிவிட்டு, அப்புறம் பழைய பருத்தி வேட்டித் துணியால் லேசாகத் துடைத்தால் போதும்.