கிறித்தவ நம்பிக்கைக்கு அடிப்படை பகுத்தறிவா, கற்பனையா? ஆங்கிலக் கிறித்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் ஏன் வாதத்தை விட்டுக் கதைக்குப் போனார்?

கேள்வியின் இரண்டாம் பாதி, பலரும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு செய்தியை நம்பிக் கேட்கப்பட்டிருக்கிறது. 1948 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் கிறித்தவ நம்பிக்கையை விவாதிக்கும் சாக்ரடீஸ் மன்றத்தில் எலிசபெத் ஆன்ஸ்கோம் என்ற 28 வயது மெய்யியலாளரிடம் லூயிஸ் வாதில் தோற்றார் என்றும், மனம் நொந்து நார்னியா என்னும் சிறுவர் மாயக்கதைகளில் தஞ்சம் புகுந்தார் என்றும் சொல்வார்கள். இதை நான் ஏற்பதில்லை. அவர் வாழ்வில் கற்பனை வாதத்துக்கு முன்பே வந்துவிட்டது.

1916இல் லூயிஸ் 17 வயது நாத்திகர். அப்போது லெதர்ஹெட் ரயில் நிலையப் புத்தகக் கடையில் ஜார்ஜ் மெக்டொனால்டின் 'ஃபான்டஸ்டீஸ்' என்னும் மாயக்கதையை வாங்கிப் படித்தார். அன்றிரவு தம் கற்பனை திருமுழுக்குப் பெற்றது என்றும், தம்மில் எஞ்சியவற்றுக்கு அதைவிட அதிகக் காலம் பிடித்தது என்றும் பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். அந்த எஞ்சிய பகுதி வழிக்கு வர 1931 செப்டம்பர் வரை ஆயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு மாடலின் கல்லூரியின் ஆற்றோர நடைபாதையில் அவருடைய நண்பர்கள் டோல்கீனும் ஹியூகோ டைசனும் இரவு நெடுநேரம் அவருடன் பேசினார்கள். இறந்துபடும் தெய்வத்தின் கதையை வடபுலத் தொன்மத்தில் படித்தால் உருகும் தாம், அதையே நற்செய்தி நூலில் கண்டதும் ஏன் விலகி நிற்கிறோம் என்பதை அவர் அன்று எதிர்கொள்ள நேர்ந்தது. கிறிஸ்துவின் கதையும் ஒரு தொன்மமே, ஆனால் உண்மையில் நிகழ்ந்த தொன்மம் என்ற முடிவுக்கு அதன்பின் வந்தார்.

உண்மையை அறியும் உறுப்பு பகுத்தறிவு, பொருளை அறியும் உறுப்பு கற்பனை என்பது 1939இல் வெளிவந்த கட்டுரையொன்றில் அவர் வகுத்த பிரிவு. ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று ஆராயுமுன் அது நமக்கு ஏதேனும் பொருள் தர வேண்டும். அந்த முதற்பணியைச் செய்வது கற்பனை. (கருத்தளவில் ஒப்புக்கொள்வதையும் மெய்யாகவே உணர்ந்து ஒப்புக்கொள்வதையும் கத்தோலிக்க இறையியலாளர் நியூமன் 1870இலேயே பிரித்துக் காட்டியிருந்தார்.) இறையியலில் இதற்கு எதிர்த்திசையில் சென்றவர் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் புல்ட்மான். மின்விளக்கையும் வானொலியையும் பயன்படுத்தும் மனிதன் புதிய ஏற்பாட்டின் ஆவியுலகை நம்ப முடியாது என்றும், ஆகவே தொன்ம மொழியை மனித இருப்பு பற்றிய செய்தியாகப் பெயர்த்துப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் 1941இல் வாதிட்டார். தொன்மத்தை வீசி எறியும்படி அவர் சொல்லவில்லை. ஆனாலும் கதையை உரித்தபின் எஞ்சும் செய்தி கதையளவுக்கு ஆளைப் பிடித்து நிறுத்துமா என்பது என் ஐயம். தொன்மம் வரலாற்றில் நிகழ்ந்த பிறகும் தொன்மமாகவே நீடிக்கிறது என்று லூயிஸ் 1944இல் எழுதியது எனக்கு வலுவான நிலைப்பாடாகத் தெரிகிறது.

இதில் ஒரு பலவீனமும் உண்டு. கற்பனை பொய்க்கும் பொருள் தரும். மனத்தை ஈர்ப்பதனாலேயே ஒரு கதை மெய்யாகிவிடாது. லூயிஸ் இதை நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு அந்த 1948 விவாதமே சான்று. எண்ணங்கள் அனைத்தும் அறிவற்ற காரணங்களால் விளைபவை என்றால் எந்த எண்ணத்தையும் நம்ப இடமில்லை, எனவே இயற்கைக்கு அப்பால் எதுவும் இல்லை என்னும் இயற்கைவாதம் தன்னையே மறுக்கிறது என்று 'அற்புதங்கள்' நூலின் 1947 பதிப்பில், மூன்றாம் அதிகாரத்தில், அவர் வாதிட்டிருந்தார். ஓர் எண்ணத்தைத் தோற்றுவிக்கும் காரணம் வேறு, அது சரியென்று காட்டும் ஆதாரம் வேறு என்று ஆன்ஸ்கோம் சுட்டினார். தண்டியலங்காரம் படித்தவர்களுக்குக் காரக ஏது (ஒன்றை விளைவிப்பது), ஞாபக ஏது (ஒன்றை அறிவிப்பது) என்றால் உடனே விளங்கும். ஆன்ஸ்கோம் உறுதியான கத்தோலிக்கர். ஓட்டை வாதத்தைத்தான் தாக்கினாரே தவிர நம்பிக்கையை அல்ல.

நார்னியாவின் கடைசி நூல் 1956இல் வெளிவந்தது. அதன் பிறகு, 1960இல், லூயிஸ் அந்த மூன்றாம் அதிகாரத்தைத் திருத்தி எழுதி காரணத்தையும் ஆதாரத்தையும் பிரித்தே வாதத்தை மீண்டும் கட்டினார். அத்திருத்தம் அவருடைய நேர்மையைக் காட்டுகிறது என்று ஆன்ஸ்கோமே பின்னர் எழுதினார். படிக்க விரும்பினால் 1960இன் திருத்திய பதிப்பைத் தேடி எடுங்கள். பழைய பதிப்பை மட்டும் வைத்து அவரை மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.