குக் பெங்களூர் வந்தது 1913-ஆ, 1936-ஆ?

பொன்விழா மலரில் 1913 என்றே போடுங்கள். பெந்தெகொஸ்தே மிஷனரி ராபர்ட் எஃப். குக் அமெரிக்காவிலிருந்து பெங்களூர் வந்து இறங்கியது அந்த ஆண்டில்தான். நீங்கள் இன்னொரு கட்டுரையில் பார்த்த 1936, அவருடைய சபைகள் சர்ச் ஆஃப் காட் என்ற அமெரிக்கப் பெந்தெகொஸ்தே அமைப்போடு இணைந்த ஆண்டு. அமைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் கதையை ஆரம்பிப்பார்கள். அதைப் பார்த்து எழுதுகிறவர் 'அப்போதுதான் வந்தார்' என்று ஆக்கிவிடுவார். அனேகமாக இங்கேயும் அதுதான் நடந்திருக்கும்.

1936 வருகிற வரிக்குப் பக்கத்தில் ஜே. எச். இங்ராம் பெயர் இருக்கிறதா பாருங்கள். சர்ச் ஆஃப் காட் சார்பில் அந்த இணைப்பை முடித்தவர் அவர். இருந்தால் அது இணைப்பைப் பற்றிய வரி, சந்தேகமே வேண்டாம்.

அப்புறம், நம்ம ஊர் மலர் என்பதால் தொட்டபள்ளாப்பூரை விட்டுவிடாதீர்கள். எலகங்கா தாண்டி இருக்கிற அதே ஊர்தான். திருவிதாங்கூர் பக்கம் போய் இன்றைய கேரளத்தில் இருக்கிற முளக்குழாவில் நிலைகொள்வதற்கு முன் அவர் அங்கே இருந்தார். இங்கே பாதிப் பேர் அவரைக் கேரளாவுக்கே வந்த மிஷனரி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். குக்கோடு சேர்ந்து ஊழியம் செய்த கேரளத் தலைவர் கே. இ. ஏபிரகாம் 1930-லேயே குக்கை விட்டுப் பிரிந்துவிட்டார். அதனால் 'கேரளப் பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாம் 1936-ல் இணைந்தன' என்று எழுதிவிடாதீர்கள். ஏபிரகாம் வழி வந்த ஐ.பி.சி. (இந்தியப் பெந்தெகொஸ்தே சபை) பெரியவர் யாராவது படித்தால் வெளியீட்டு அன்றே பிடித்துக்கொள்வார்.